ஐ.ஜி. ஐயா சுட்ட துப்பாக்கி

உங்க போன்ல இருந்து ஒரு கால் போட்டுக் குடுப்பீங்களா தம்பி? ஒரே நிமிசந்தானுங்க. என்ற போன்ல காசு இருக்குது, சார்ஜும் இருக்குது. என்ற நம்பரைப் பார்த்தா அவ எடுக்கமாட்டா, அதானுங்க விசயம். அவன்னா என்ற பொண்ணுங்க. தாரணி. வால்பாறையில இருக்கறா. அவளைப் பார்க்கத்தான் போயிட்டிருக்கறேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது.

இப்பவே வேண்டாமுங்க. ஆழியாறு செக்போஸ்ட்டுல பஸ் சித்த நேரம் நிக்கும். அங்க போய்ப் பேசிக்கலாம். ஓடற பஸ்ஸுல பேசுனா பாதி காதுல விழாது. நான் சொல்லப்போற சேதி அவ காதுல முழுசா விழோணும். நல்ல சேதிங்க. நெம்ப நாளா அவ காத்துக்கிட்டிருந்த சேதி. அதைக் கேட்டுட்டா அவளே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்துருவா, பாருங்க.

அப்பனும் மகளும் பேசறதுக்கு அடுத்தவன் போன் எதுக்குன்னு நெனைப்பீங்க. நெனைக்கலைங்களா? நெனைச்சாலும் தப்பில்லைங்க. சொல்றேன், கேளுங்க. செக்போஸ்ட்டு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

நான் போலீஸுங்க. ஆமா, இந்தத் தொப்பையைப் பார்த்தா தெரியாது. ஆயுதப்படையில ஆர்மரர். அப்படின்னா துப்பாக்கிகளைப் பார்த்துக்கறவன். ஜில்லாவுல எந்தப் போலீஸ்காரன் இடுப்புல துப்பாக்கி தொங்குனாலும் அது என்ற கையில வாங்குனதாத்தான் இருக்கும். காலையில குடுக்கோணும், திரும்ப வந்தா வாங்கோணும், தொடைக்கோணும், எண்ணெய் போடோணும், பூட்டோணும். இந்த ஆறுச்சாமி கையில இருந்து வந்த துப்பாக்கின்னா கண்ணை மூடிட்டுச் சுடலாம்னு ஐயாமாருங்க சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு ஐயா முன்னாடியும் என்ற துப்பாக்கி மானத்தை வாங்குனதில்லைங்க. ஒருக்காக்கூட இல்ல.

தாரணி சின்னப்பிள்ளையா இருந்தப்ப என்ற சட்டைய மோந்து பார்ப்பா. துப்பாக்கி எண்ணெய் வாசம் அவளுக்கு அத்தனை பிடிக்கும். போலீஸுக்குத்தான் போவேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. அவங்கம்மா தங்கமணிக்கு இஷ்டமே இல்ல. நான்தான் சேர்த்துவிட்டேன். சேர்ந்து எங்க ஜில்லாவுக்கே வந்தா. வீட்டுல அப்பாங்கறவ, துப்பாக்கிக் கிடங்கு ஜன்னல்கிட்ட வந்தா விறைப்பா நின்னு ஐயாம்பா. நானும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன், நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். டூட்டி டூட்டிதானுங்களே. உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். பெருமையாவும் இருக்கும்.

அப்பத்தானுங்க அந்தப் புதுத் துப்பாக்கி வந்துச்சு. சின்னது. உள்ளங்கையில அடங்கிரும். பொம்பளைப் போலீஸுக்குன்னே வாங்குனது. பழசு கனமுங்க, இடுப்புல தொங்குனா ஒரு பக்கமா இழுக்கும். இது சேலைக்குள்ள வெச்சாக்கூடத் தெரியாது. கம்பெனிக்காரன் டெல்லியில இருந்து வந்து, கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு, இந்தியில பேசுனான். எல்லாரும் தலையை ஆட்டுனோம். பார்க்கப் பார்க்க ஆசையா இருந்துச்சுங்க. கல்யாணப் பொண்ணுக்குச் செஞ்ச நகையாட்ட, ஒவ்வொண்ணும் ஒரு பெட்டிக்குள்ள.

ஐ.ஜி. ஐயா நேர்ல வந்து சுட்டுத் தொடங்கி வெக்கறதா ஏற்பாடு. பத்திரிகைக்காரங்க, போட்டோ, ஷாமியானா எல்லாம். இப்ப ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிறாதீங்க. பெரிய ஐயா ஒருத்தர் சுட வர்றார்னா, பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்துக் குடுத்துர முடியுங்களா? முந்தின நாளே எல்லாத்தையும் சுடுதளத்துக்குக் கொண்டுபோய் நானே சுட்டுப் பார்ப்பேன். எது சிக்காம ஓடுதோ அதை ஒதுக்கி வெச்சு, மஞ்சத்துணியில சுத்தி, ஐயாவுக்குன்னு வெச்சிருவேன். எனக்கு முன்னால இருந்த ஆர்மரரும் அப்படித்தான், அவருக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். இதெல்லாம் எங்க தொழில்ல ஒரு மரியாதைங்க. கல்யாண வீட்டுல சம்பந்தி இலைக்கு நல்ல வடையாப் பார்த்து வெக்கறதில்லைங்களா, அந்த மாதிரி.

அன்னைக்கும் சுட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே சிக்குச்சுங்க. ஒரு ரவுண்டு போகும், அடுத்தது மாட்டிக்கும். சுட்டு முடிச்ச காலித் தோட்டா வெளிய துள்ளி விழோணும். அது விழாம, கதவு இடுக்குல மாட்டுன விரலாட்ட அங்கயே நிக்கும். புதுசு இல்லைங்களா, பழகப் பழகச் செரியாப் போயிரும்னு கம்பெனிக்காரன் சொன்னான். செரின்னு விட்டேன். நல்லதா ஒண்ணு அகப்பட்டுச்சு. வெண்ணெயாட்ட ஓடுச்சு அது. அதை மஞ்சத்துணியில சுத்துனேன்.

மறுநாள் ஐ.ஜி. ஐயா சுட்டாரு பாருங்க! மேகசின்ல இருந்த தோட்டா முழுசும், நிறுத்தாம. ஒண்ணுகூடச் சிக்கலை. எல்லாரும் கை தட்டுனாங்க. ஐயா என்ற தோள்ல தட்டி, பிரமாதம் ஆறுச்சாமின்னாரு. பொம்பளைப் போலீஸ் வரிசையில தாரணியும் நின்னு கை தட்டிட்டிருந்தா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, நெசமாத்தான்.

அப்பறம் எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தோம். குடுத்த கொஞ்ச நாளுக்குள்ளயே புள்ளைக வந்து சொல்ல ஆரம்பிச்சாங்க. ஐயா சிக்குதுங்கய்யா, ஐயா ரெண்டாவது ரவுண்டு போகலைங்கய்யா. நான் கம்பெனிக்காரன்கிட்டப் போன் போட்டுக் கேட்டேன். மணிக்கட்டு தளர்ந்தா சிக்கும், பொம்பளைங்க கை தளர்வு, அவங்களைக் கெட்டியாப் பிடிக்கச் சொல்லுங்கன்னான். அதை எஸ்.பி. ஐயாகிட்டச் சொன்னேன். ஐ.ஜி. ஐயா கையில சிக்கலையே, உங்க கையில மட்டும் ஏன் சிக்குதுன்னு அவரு புள்ளைகளைக் கேட்டாரு. அவங்க என்ன பதில் சொல்லுவாங்க? தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நியாயமான கேள்விதானுங்களே அது.

தாரணி வீட்டுல வந்து, அப்பா அந்தத் துப்பாக்கி செரியில்லப்பான்னா. துப்பாக்கியைச் சொல்லாத, கையைப் பாருன்னேன். கோவிச்சுக்கலை அவ. அப்பன் சொன்னா அவளுக்கு வேதவாக்குங்க. நாள் தவறாம செம்புல தண்ணி ரொப்பி, கையை நேரா நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. தங்கமணி தோசை சுட்டுக்கிட்டே, ஏண்டி உனக்குக் கிறுக்கான்னு கேட்பா. இவ சிரிச்சுக்கிட்டே நிப்பா. கை நடுங்காது. சொட்டுத் தண்ணி சிந்தாது. அத்தனை கெட்டியான கை தம்பி அவ கை.

அந்தச் சமயத்துலதான் அவளை ஒரு டீச்சரம்மாவுக்குக் காவல் போட்டாங்க. குவாரி கேஸ் ஒண்ணு. கல்குவாரிக்காரன் ஆளுங்க ஒருத்தனை வெட்டிக் கொன்னதை அந்தம்மா கண்ணால பார்த்துட்டாங்க. சாட்சி சொல்லியே தீருவேன்னு நின்னாங்க. பேரு என்னமோ... பாருங்க, வாயில வர மாட்டேங்குது. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுல பிறந்த அம்மா, கல்யாணம் கட்டிக்கலை, தனியா இருந்தாங்க. தாரணி அவங்க வீட்டுலயே தங்கிக் காவல் இருந்தா. வீட்டுக்கு வந்தா எப்பப் பார்த்தாலும் டீச்சர் அதைச் சொன்னாங்க, டீச்சர் இதைச் சொன்னாங்க. புஸ்தகமெல்லாம் படிக்க ஆரம்பிச்சிருந்தா.

ஒரு நாள் கிடங்கு ஜன்னல்ல வந்து நின்னா. விறைப்பா சல்யூட் அடிச்சா. ஐயா, இதை வாங்கிக்கிட்டு எனக்குப் பழசையே குடுங்க, இல்லாட்டிச் சிக்காத ஒண்ணாப் பார்த்துக் குடுங்கன்னா. டீச்சருக்கு மிரட்டல் வந்திருக்குதுங்கய்யா, எனக்கு இதை நம்பி நிக்க முடியலைங்கய்யான்னா. பின்னாடி நாலு பேரு வரிசையில நிக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? என்ற பொண்ணுன்னு மாத்திக் குடுத்தா நாளைக்கு எல்லாப் புள்ளையும் வந்து நிக்காதா? ஆறுச்சாமி மகளுக்கு ஒரு சட்டம், ஊராருக்கு ஒரு சட்டமான்னு பேசமாட்டாங்களா? முடியாதும்மா, அடுத்த ஆளுன்னேன். துப்பாக்கியைத் திரும்ப இடுப்புல சொருகுனா. அப்பறம் சல்யூட் அடிச்சுட்டுப் போயிட்டா. சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா பாரபட்சம் பார்க்காதவன்னு பேரு வாங்குறது லேசுங்களா?

நல்லது அந்த ஒண்ணுதானுங்க இருந்துச்சு. அது மஞ்சத்துணியில பீரோவுக்குள்ள. அடுத்து டி.ஜி.பி. ஐயா வர்றார்னு பேச்சு அடிபட்டுக்கிட்டு இருந்துச்சு.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமுங்களா? செரி.

சந்தைக் கெழமைங்க அன்னைக்கு. டீச்சரம்மா கீரை வாங்கப் போயிருக்காங்க, இவளும் கூட. பட்டப்பகல்ல, அத்தனை சனம் இருக்கையில, பைக்குல ரெண்டு பேரு வந்து இறங்கியிருக்கறானுங்க, கையில அரிவாளோட. தாரணி டீச்சரைப் பின்னால தள்ளிப்போட்டுத் துப்பாக்கியை உருவிட்டா. ஒரு ரவுண்டு போட்டிருக்கறா. ஒருத்தன் தொடையில பட்டு விழுந்துட்டான். சந்தையில பார்த்தவங்க சொன்னாங்க, அந்தப் புள்ளை நின்ன நிலையைப் பார்க்கோணுமே, கோயில் செலையாட்ட நின்னுச்சுன்னு. அடுத்தவன் வர்றான். இவ மறுபடி அமுக்கறா. போகலை. மாட்டுன தோட்டாவைத் தள்ள மேல்மூடியை இழுத்து விடறா, அமுக்கறா. போகலை. மறுபடி இழுக்கறா. அதுக்குள்ள அவன் கிட்ட வந்துட்டான். துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு அரிவாளை வெறுங்கையில பிடிச்சிருக்கறா தம்பி. வெறுங்கையில.

சித்த இருங்க, மூஞ்சியைத் தொடைச்சுக்கறேன். நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

டீச்சரம்மா வெட்டுப்பட்டு இவ மடியிலயே போயிட்டாங்க. இவளுக்கு வலது கையில ரெண்டு வெரலு மடங்காது. ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். கை பூரா கட்டு. மொகத்துல ரத்தமே இல்ல. பெத்த வயிறு எப்படித் துடிச்சிருக்கும், தங்கமணி மயக்கம் போட்டு விழுந்துட்டா. நான் கட்டில்கிட்ட உக்காந்து, கண்ணு, கெட்டியாத்தானே பிடிச்சிருந்தன்னு கேட்டேன். ஆபீஸ்ல கேட்பாங்க இல்லைங்களா, முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான் கேட்டேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

விசாரணை வெச்சாங்க. சாட்சி செத்துட்டாங்கல்ல, யாராச்சும் பதில் சொல்லியாகோணும். துப்பாக்கி சிக்குச்சுன்னு தாரணி சொல்றா. சிக்குச்சா இல்லையான்னு சொல்ல வேண்டியவன் நானு. அந்தத் துப்பாக்கி என்ற கிட்டத்தான் வந்துச்சு. ரத்தமும் மண்ணுமா இருந்துச்சு. அப்படியே கொண்டுபோய் ஐயாமாருங்க மேசையில வெக்க முடியுங்களா? எல்லாத்தையும் பிரிச்சு, கழுவி, ஸ்பிரிங்கை நீவி, எண்ணெய் போட்டுப் பளபளன்னு கொண்டுபோனேன். அவங்க முன்னாடி சுட்டேன். பாழாய்ப்போனது, அன்னைக்குன்னு பார்த்து ஓடுச்சு. நல்லா ஓடுச்சு. துப்பாக்கி நல்ல நிலைமையில இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதுங்கய்யான்னேன். கண்ணு முன்னால ஓடுறதை இல்லைன்னு எப்படிங்க சொல்றது? ஐ.ஜி. ஐயா இதே ரகத்தைச் சுட்டப்பவும் நல்லாத்தானே ஓடுச்சுன்னாங்க. ஆமாங்கய்யான்னேன். அப்பத் தாரணி கைதான் பதறியிருக்குதுன்னு எழுதிப்போட்டாங்க.

பெத்த பொண்ணா இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொன்னான் பாரு ஆறுச்சாமின்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. வெளிய வந்தப்ப தாரணி மரத்தடியில நின்னுட்டிருந்தா, கையைத் தூளியில தொங்கப்போட்டுக்கிட்டு. வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்னேன். நீங்க போங்கன்னா. நீங்க போங்கன்னு. வாப்பா போப்பான்னு பேசற புள்ளைங்க அவ. அந்த ஒரு வார்த்தை இன்னும் காதுலயே நிக்குது.

வேலையை எழுதிக் குடுத்துட்டா. எங்க போனா தெரியுங்களா? அந்த டீச்சரம்மாவோட ஆத்தாகிட்ட. வால்பாறையில எஸ்டேட் வீட்டுல அந்தக் கெழவி தனியா இருக்குது. அதுகூடப் போயி இருந்துக்கிட்டு, அங்க ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல்ல புள்ளைகளைப் பார்த்துக்கறா. பெத்தவன் குத்துக்கல்லாட்ட இருக்கறேன், எவளோ ஒருத்தியைப் பெத்தவளை அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கறா. தங்கமணி போனா பேசறா. ரெண்டு நாள் வெச்சிருந்து சோறாக்கிப் போட்டு அனுப்பறா. நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல. ஒருக்கா கூடவே போனேன். கெழவி காப்பி குடுத்துச்சு. இவ உள்ள இருந்து வெளியவே வரலை. அந்தத் தகரக் கதவைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்துட்டு, காப்பியையும் குடிக்காம வந்துட்டேன். வர்ற வழி பூரா அழுதேன் தம்பி. இந்த வயசுல, பஸ்ஸுல, நாலு பேரு பார்க்க.

நான் என்ன குத்தம் பண்ணுனேன்னு சொல்லச் சொல்லுங்க. யாருக்கும் சலுகை காட்டலை. பொய் சொல்லலை. அதுக்கா இந்தத் தண்டனை?

செரி, நல்ல சேதிக்கு வர்றேன். ரிட்டயர் ஆனவங்களையும் ஆயுத பூசைக்குக் கிடங்குக்குக் கூப்பிடுவாங்க. எல்லாத் துப்பாக்கியையும் மேசையில பரப்பி, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை வெச்சுச் சாமி கும்பிடுவோம். இந்த வருசம் போயிருந்தேன். பார்க்கறேன், அந்தச் சின்னத் துப்பாக்கி ஒண்ணைக்கூடக் காணோம். எங்கடான்னு இப்ப இருக்கற ஆர்மரரைக் கேட்டேன். அண்ணா உங்களுக்குத் தெரியாதா, எல்லா ஜில்லாவுலயும் இதே ரோதனை, ஸ்பிரிங்குல கோளாறுன்னு கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான், மொத்தத்தையும் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பியாச்சுங்கறான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பொரியைக்கூட வாங்கலை, கெளம்பி வந்துட்டேன்.

அப்ப என்ற புள்ளை கை மேல தப்பே இல்லைங்க! கம்பெனிக்காரன் என்ற காதுல பூ சுத்தியிருக்கறான். அந்தக் கோட்டு சூட்டுக்காரன் மட்டும் இப்பக் கையில கெடைச்சான்னா... போகட்டும். இதை என்ற வாயால அவகிட்டச் சொல்லோணும். தங்கமணி, நான் சொல்றேன்னா. வேண்டாம், நான்தான் சொல்லுவேன்னுட்டேன். அவ மனசுல இத்தனை நாளா அந்த வேதனைதானே இருந்திருக்கும், நம்ம கையாலதான் டீச்சர் செத்தாங்களோன்னு. அது தீர்ந்துட்டா எங்கிட்ட என்ன கோவம்?

இந்தா, செக்போஸ்ட்டு வந்துருச்சு. போடுங்க தம்பி. நம்பர் சொல்றேன்... போகுதுங்களா? குடுங்க, குடுங்க.

அலோ. கண்ணு... அப்பா பேசறேன். வெச்சராத சாமி. வெச்சராத. ஒரே ஒரு சேதி. அந்தத் துப்பாக்கியெல்லாம் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க கண்ணு. ஸ்பிரிங்குலதான் கோளாறாம். கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான். உன் கை மேல தப்பில்ல. கேட்குதா? உன் கை மேல தப்பே இல்ல.

என்னது? உனக்கு அப்பவே தெரியுமா? செரி கண்ணு, நீ சொல்லத்தான் செஞ்ச, இல்லைங்கலை, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சில்ல...

யாரு? ஐ.ஜி. ஐயா சுட்டதா? அது எப்படிச் சிக்கும்? அது நானு எல்லாத்தையும் சுட்டுப் பார்த்து, பொறுக்கி எடுத்து வெச்சதில்ல... ஆமா. முந்தின நாளே. ஐயாமாருங்களுக்கு அப்படித்தான் கண்ணு வெப்போம். உனக்குத் தெரியாதா? நான் சொன்னதில்லையா?

எங்க இருந்துச்சா? பீரோவுலதான். ஆமா, நீ வந்து கேட்டப்பவும் அங்கதான் இருந்துச்சு. எனக்குப் பின்னாடியே. அதை எப்படிக் கண்ணு உனக்குக் குடுக்க முடியும், அது பெரியவங்களுக்கு வெச்சதில்ல...

அலோ. கண்ணு. அலோ.

தம்பி, இதென்னங்க, சத்தமே வர மாட்டேங்குது. பாருங்களேன். கட் ஆயிருச்சுங்களா? கடைசியில என்னமோ மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. அழுதாளாட்ட இருந்துச்சு. சந்தோசத்துல வர்ற அழுகையா இருக்கும், இத்தனை நாள் பாரம் எறங்குச்சில்ல.

இன்னொருக்கா அடிங்க தம்பி. நான் இந்த பஸ்ஸுல வர்றதை இன்னும் சொல்லவே இல்ல.

எடுக்கலைங்களா?

கை வேலையா இருப்பா. புள்ளைகளுக்குச் சோறு போடற நேரம். சித்த நேரம் கழிச்சு அடிங்க. எடுப்பா. பேசுனா பார்த்தீங்கள்ல, எங்கிட்டப் பேசுனா. இன்னொருக்கா அடிங்க தம்பி, எடுப்பா. நல்ல சேதிதானுங்களே சொன்னேன்.